மறைசாட்சி தேவசகாயம் நினைவு நாள்: அன்பியக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்பார்ந்த அன்பியக் (பங்கின் சிறு கிறிஸ்தவக் குழு) குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஜனவரி 14 அன்று புனித தேவசகாயத்தின் நினைவு நாள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயின் வாயிலாக விவிலியத்தில் வரும் யோபுவின் துன்பத்தையும் பொறுமையையும் கேட்டறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயர் ஏற்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் கைதாகி, எருமை மீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக அவமதிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் அவர் பழகியதும்கூட அன்றைய மேல்தட்டினரின் கோபத்தைத் தூண்டியது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கோட்டாற்றில் அவருடைய கல்லறை முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, வீட்டு வாசலில் ஆள் பார்த்துத் தனித் தம்ளர் எடுப்போமானால், அந்த வணக்கம் அவரைச் சென்று சேருமா? (கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள், சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.)

ஆகவே அன்று மாலை செபமாலைக்குப் பின், ஒவ்வொரு வீட்டிலும் சமைத்ததைக் கொண்டுவந்து, எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். இதுவரை யார் வீட்டுக்குச் சென்றதில்லையோ, அவர்களை நேரில் போய் அழைத்து வாருங்கள். கொண்டுவரும் உணவையும் வருவோர் எண்ணிக்கையையும் ஜனவரி 12-க்குள் இக்குழுவில் தெரிவிக்க வேண்டுகிறோம்.