ரிட்ரீவர் பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்னசோட்டாவில் ஏரிகளின் பனி உருகி, ரிட்ரீவர்கள், அதாவது சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் நாய்கள், நீந்தும் அளவுக்குத் தண்ணீரின் குளிர் குறையும் வரை நமக்குத் தரைப் பயிற்சிதான். இந்த வசந்தத்தில் அந்த வாரங்களைப் பயிற்சிக் குழு ஒரே ஒரு விஷயத்துக்கு ஒதுக்கியது: அனுப்பும் வரை நாய் அசையாமல் உட்காருவது.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய பருவத்தின் வேட்டைத் தேர்வுகளில் நம் நாய்கள் தேறாமல் போனது பெரும்பாலும் பறவை விழுந்த இடம் தெரியாததால் அல்ல, சொல்வதற்கு முன்பே பாய்ந்ததால். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1985-இல் தொடங்கிய இந்த வேட்டைத் தேர்வில் நாயோடு நாய்க்குப் போட்டி கிடையாது. நிர்ணயித்த தரத்தை எட்டும் எல்லா நாய்களும் தேறலாம். தொடக்க நிலையான ஜூனியரில் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு மேல்நிலைகளான சீனியரிலும் மாஸ்டரிலும் நாய்மேல் கை வைக்க முடியாது. அங்கே கட்டுக்கடங்காமல் பறவையை நோக்கி ஓடிவிட்டால் அன்றைய தேர்வு அத்தோடு சரி.

ஆகவே பறவைக்குப் பதிலாக எறிந்த பயிற்சிப் பொருள்களான பம்பர்களில் பாதிக்கு மேல் எறிந்தவரே நடந்துபோய் எடுத்தார். நாய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எஜமானரோடு திரும்பி நடந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே ஓடலாம் என்ற நினைப்பு இப்படித்தான் கரையும். நாயின் உற்சாகம் போய்விடும் என்று சில உறுப்பினர்கள் கவலைப்பட்டார்கள். குட்டிகள் விஷயத்தில் அது நியாயமான கவலை. ஒரு வயதுக்கு உட்பட்டவற்றுக்கு இந்த முறையைத் தளர்த்தினோம். மற்ற நாய்களிடம் ஆகஸ்டுக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. பதறாத நாய் இரண்டாவது பறவை விழுவதையும் கவனித்து நினைவில் வைக்கிறது. இரண்டு பறவைகள் விழுவதைப் பார்த்து இரண்டையும் எடுத்துவரும் இரட்டை மார்க்கில் நமக்குக் கிடைத்த முன்னேற்றம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் விசில். நாய் மோப்பம் பிடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஊதி நிறுத்திக் கையால் திசை காட்டுகிறோம். விழுவதை நாய் பார்க்காத பறவைக்கு, அதாவது பிளைண்டுக்கு, அது தேவை. பார்த்த பறவைக்கு நாயை நம்பி விடுங்கள். விடாமல் தேடும் குணத்துக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்.

கோடையில் ஒரு குளத்தில் நீலப்பச்சைப் பாசி தென்பட்டதால் அன்றைய நீர்ப் பயிற்சியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தோம். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அந்த நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொல்லக்கூடியது. இனியும் சந்தேகம் வந்தால் தண்ணீரில் இறங்குவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

புதியவர்களுக்கு ஒரு தகவல்: ஜூனியரில் தரையில் இரண்டு, நீரில் இரண்டு என ஒற்றை மார்க்குகள். நான்கு முறை தேறினால் ஜூனியர் ஹன்டர் பட்டம். பறவையைக் காலடியில் போடாமல் கையில் தரவேண்டும். பல இளம் நாய்கள் தண்ணீரிலிருந்து கரையேறியதும் உடம்பை உதற வாத்தைக் கீழே போட்டுவிடுகின்றன. இதை வீட்டிலேயே பழக்குங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

நமக்குப் பெரிய குறை, பறவை எறிய ஆள் இல்லாததுதான். வெயிலில் மறைவுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்ற இளைஞர்களுக்கும் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த குடும்பங்களுக்கும் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. வரும் பருவத்தில் தேர்வுக்கு நாயைப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் குறைந்தது அரை நாள் எறிய வரவேண்டும் என்ற தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்