ஜாய்ஸ்டிக் சுக்கான் பழுதும் தங்கள் சேவை மையத்தின் குறைபாடும் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
குரோம்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்திலேயே தெரிவித்த பழுதைக் கண்டறியாமல் கருவியைத் திருப்பி அனுப்பியதும், பின்னர் உதிரிபாகம் தர மறுத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்கான தங்கள் நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக் ஒன்றைச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6,490 ரூபாய்க்கு, ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கினேன். எட்டாவது மாதத்தில் பழுது தொடங்கியது. கைப்பிடியை இடப்பக்கம் முறுக்கினால், சில வேளைகளில் விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் சுக்கான் அதற்கு நேரெதிராக வலப்பக்கக் கடைசி வரை பாய்ந்துவிடும். கணினித் திரையில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைச் சென்னை விமான நிலையத்தின் 25ஆம் ஓடுபாதையில் இறக்கும்போது, தரைக்கு ஐம்பது அடி மேலே இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கருவியைத் தயாரிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "விளையாட்டுச் சாமான்தானே சார்" என்று தங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன். வாங்கும்போது பெட்டியின் மேல் அப்படி எழுதியிருக்கவில்லை.

முதன்முறை கருவியைக் கூரியரில் அனுப்பியபோது, கைப்பிடியை முறுக்கும்போது மட்டுமே பழுது தெரிகிறது என்று உள்ளே ஒரு தாளில் தெளிவாக எழுதி வைத்திருந்தேன். இருபத்து மூன்று நாள் கழித்து, பொத்தான்கள் சரிபார்க்கப்பட்டன, பழுது ஏதுமில்லை என்ற சீட்டுடன் அது திரும்பி வந்தது. சுக்கான் பழுது என்று எழுதி அனுப்பியவருக்குப் பொத்தான்கள் நன்றாக இருக்கின்றன என்று பதில் தருவது, பல்வலி என்று போனவரிடம் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்வதைப் போன்றது. இரண்டாம் முறையும் அனுப்பினேன். அப்போது கணினியில் மறுபடியும் அளவமைப்பு செய்து பார்க்கும்படி சொல்லி, அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். நான்கு முறை செய்து பார்த்தேன். அளவமைப்பு என்பது நடுப்புள்ளியும் இரு கடைசிகளும் எங்கே என்று கணினிக்குச் சொல்லி வைப்பது மட்டுமே. உள்ளே விட்டுப்போன இணைப்பை அது ஒட்ட வைக்காது. இந்த அலைச்சலிலேயே உத்தரவாதம் முடிந்துபோனது. செப்டம்பரில் மீண்டும் எழுதியபோது, உதிரிபாகம் விற்பதில்லை என்றும், புதிய கருவி வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்தது.

அதன் பிறகே நான் கருவியைத் திறந்தேன். ஏழு திருகுகளில் ஒன்று அடிப்பாகத்து ரப்பர் காலுக்குக் கீழே ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. இத்தகைய கருவிகளில் வழக்கமாகத் தேய்வது, தண்டைத் திருகுவதற்கேற்ப மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகத்துக்குள் இருக்கும் கார்பன் பட்டை என்பதால், நானும் முதலில் அதையே சந்தேகித்து, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பத்து கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஆனால் மாற்றுவதற்கு முன் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, பழையதன் இரு முனைகளுக்கு இடையே 9.8 கிலோ ஓம் இருந்தது. நடு முனைக்கும் ஓரத்து முனைக்கும் இடையிலான மதிப்பும், தண்டைத் திருகத் திருக, எங்கும் குதிக்காமல் சீராக ஏறி இறங்கியது. பழைய பொட்டென்ஷியோமீட்டரில் குறையே இல்லை. என் நாற்பது ரூபாய் வீண்.

அடுத்து, அதிலிருந்து கீழே சர்க்யூட் போர்டுக்குச் செல்லும் மூன்று ஒயர்களையும், இணைப்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும்படி வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சிவப்பிலும் வெள்ளையிலும் மீட்டரின் ஒலி நிற்கவில்லை. கறுப்பு ஒயரில் மட்டும், கைப்பிடியை இடப்பக்கம் ஏறக்குறைய இருபது டிகிரி முறுக்கியதும் ஒலி நின்றது. விட்டதும் மறுபடி கேட்டது. மேலுறை முழுதாக இருந்தது. பிளேடால் கீறிப் பார்த்தபோது, உள்ளே செம்பு இழைகள் அனைத்தும் ஒரே இடத்தில் முறிந்து, கைப்பிடி நேராக நிற்கும்போது மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கறுப்பு ஒயர்தான் மின்சாரம் திரும்பிச் செல்லும் தரை இணைப்பு (கிரவுண்ட்). அது விட்டுப்போனால் பொட்டென்ஷியோமீட்டரின் வழியே மின்சாரம் ஓடாது. நடு முனையில் முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும். சுக்கான் வலப்பக்கக் கடைசியில் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். தங்கள் சேவை மையத்தில் எவரேனும் கைப்பிடியை ஒரே ஒருமுறை முறுக்கிப் பார்த்திருந்தால் இது அகப்பட்டிருக்கும்.

இந்த முறிவுக்கு என் கை காரணமல்ல. மூன்று ஒயர்களையும் உள்ளீடற்ற தண்டின் வழியே இறக்கி, அதன் வாயிலேயே துளியும் தளர்வு விடாமல் கேபிள் டையால் இறுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறுக்கும் அதே அரை அங்குலத்தையே மடக்குகிறது. நான் அந்தக் கேபிள் டையை அறுத்து, சிலிகான் உறையிட்ட ஒயர்களை ஒரு சுற்று தளர்வுடன் ஓட்டி, சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். திரும்பப் பூட்டும்போது நடு ஸ்பிரிங் துள்ளி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. தங்களிடம் உதிரிபாகம் கிடைக்காது என்பதால், டார்ச் வைத்துத் தேடி எடுத்தே தீர வேண்டியிருந்தது. ஒயருக்கான செலவு முப்பது ரூபாய். இரண்டு மாதமாக சுக்கான் ஒருமுறைகூடத் தடம் மாறவில்லை.

ஆகவே புதிய கருவி எதையும் நான் கேட்கவில்லை. இருமுறை கூரியருக்குச் செலவான 540 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு முறையும் சுக்கான் இயக்கம் சோதிக்கப்பட்டதா, சோதித்திருந்தால் எப்படி என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒயர் தொகுப்பு, பொட்டென்ஷியோமீட்டர், ஸ்பிரிங் ஆகிய மூன்றையாவது தனியாக விற்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமை இணையதளத்தில் பல நிறுவனங்கள் உதிரிபாக விவரங்களை வெளியிட்டிருக்கும்போது, தங்களால் மட்டும் முடியாது என்பதை ஏற்க இயலவில்லை. இனி தயாராகும் கருவிகளிலாவது அந்தக் கேபிள் டையைச் சற்றுக் கீழே இறக்கிப் போடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்தையே அணுகுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. ரசீது, இரண்டு சேவைச் சீட்டுகள், கூரியர் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களையும், முறிந்த கறுப்பு ஒயரின் புகைப்படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஒயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தங்கள் பொறியாளர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்