எங்கள் உலையில் எரிந்தது யார் கணக்கு?

எரிசக்தியையும் வளர்ச்சியையும் நாடு நாடாக ஒப்பிட்டுக் கோடு போடும் பொருளாதார வல்லுநர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கோவையில் ஒரு கருத்தரங்கில் உங்களில் ஒருவர் அந்தக் கோட்டுப் படத்தை மறுபடியும் காட்டினார். ஜெர்மனியின் பொருளாதாரம் ஏறுகிறது, எரிசக்திப் பயன்பாடு இறங்குகிறது. 2023-இல் அது 1990 முதல் அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்தது. இந்தியாவுக்கோ இரண்டும் ஏறுகின்றன. "நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். இரும்பை உருக்கி வார்க்கும் சிறிய ஃபவுண்டரி நடத்தும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

படம் பொய் என்று சொல்லவில்லை. ஜெர்மானியர்களின் சிக்கனம் நிஜம்தான். கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகளை மூடியதும் அந்த இறக்கத்தில் சேர்த்தி. ஆனால் மூன்றாவதாக ஒரு கோடு வேண்டும்: வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருள்களைச் செய்யச் செலவான எரிசக்தி. அதையும் போடுங்கள் என்பதே என் கோரிக்கை.

எங்கள் உலையில் ஒரு டன் இரும்பை உருக்கச் சுமார் 600 யூனிட் மின்சாரம் ஆகிறது. 40 கிலோ வால்வு பாடி (வால்வின் வெளிக்கூடு) ஒன்றுக்கு, உருக்க மட்டும் 24 யூனிட். அச்சு மணலைத் தட்டி, கிரைண்டிங் பிடித்து, பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடிக்கு ஏற்றுகிறோம். வால்வு ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது, 24 யூனிட் இந்தியாவின் கணக்கிலேயே நின்றுவிடுகிறது.

2012 மின்வெட்டில் ஒருநாள், உருகிய இரும்பு உலைக்குள்ளேயே இறுகிவிட்டது. உலையின் உட்பூச்சான லைனிங்கோடு சேர்த்து இரண்டு நாள் சம்மட்டியால் உடைத்தெடுத்தோம். அதே இரும்பை மறுபடி உருக்கினோம். அந்த இரண்டாவது கரண்டும் உங்கள் படத்தில் எங்கள் ஊதாரித்தனமாகத்தான் ஏறியிருக்கும்.

கணக்கிடுவது கடினம் என்பீர்கள். 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி எஃகுக்கும் அலுமினியத்துக்கும் எல்லையில் கார்பன் கட்டணம் (அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கான கட்டணம்) வைத்திருக்கிறதே, அது எப்படி? காசு வாங்கும்போது இங்கே எரிந்தது டன் கணக்கில் தெரிகிறது. பாராட்டு வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது. தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் செலவழிக்கும் நாட்டுக்குச் சிக்கன வகுப்பு! 12,000-க்கு மேல் செலவழிக்கும் அமெரிக்கர்களுக்கும் இந்த வகுப்பு உண்டா?

சரி, கோபம் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு முன் தயவுசெய்து அந்த மூன்றாவது கோட்டைப் போட்டுவிடுங்கள். எண் வேண்டுமானால் பட்டறைக்கு வாருங்கள். மீட்டர் வாசலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
வார்ப்படப் பட்டறைக்காரன், கோவை