அரை மணி நேரத்தை எழுதிவைத்தவர்களும் குரல் பதிவு அனுப்பும் நாமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செங்காங்கில் குடியிருப்பவன். 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கிறேன். "அது என்ன வேலைப்பா?" என்று அம்மா கேட்டபோது, "ஆபீசில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்" என்றேன். "கரண்டுக்காரர் மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சிகள், சான்றிதழ்கள் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி சேர்த்தார்கள். என் கணக்கிலும் இருக்கிறது. ஒருநாள் ஒரு வகுப்பில் சேருவேன். ஆனால் நான் எழுத வந்த விஷயம் எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதில்லை. தீர்த்த சிக்கலை எழுதி வைக்காமல் குரல் பதிவாக அனுப்பிவிட்டு மறந்துபோவது நம் தமிழ் ஐடி ஆட்களின் பழக்கம், அதைப் பற்றிய குறை இது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40க்குக் கைப்பேசி அடித்தது. கிடங்கில் இரவு ஷிஃப்ட் ஆட்களால் செயலிக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் சரி, நெட்வொர்க் சரி. பாதிப் பேர் உள்ளே போய்விடுகிறார்கள், மீதிப் பேரை அது சேர்க்கவே மாட்டேன் என்கிறது. வெளியே தள்ளப்பட்டவர் மறுபடி முயன்றால் சில நேரம் உள்ளே விடுகிறது. முழுதாகச் செத்துக் கிடக்கும் சர்வரைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்தப் பாதி உயிர்தான் ஆளைக் கொல்லும்.

எனக்கு ஒன்று மட்டும் நினைவு வந்தது. இதே மாதிரி ஒரு சிக்கலை 2019-ல் நான் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். தமிழ் ஐடி ஆட்கள் 240 பேர் இருக்கும் குழு. யாரோ பதில் சொல்லி, அன்று இரவே சரியானது. சரி, தேடினால் கிடைத்துவிடும் என்று சோபாவில் உட்கார்ந்து தேடத் தொடங்கினேன். ஐந்து ஆண்டுப் பொங்கல் வாழ்த்து, முறுக்கு ஆர்டர், 'பொங்கோலில் அறை வாடகைக்கு, சைவம் மட்டும், லைட் குக்கிங் ஓகே', காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ, கிரிக்கெட் ஸ்கோர், மறுபடியும் ரோஜாப்பூ. 20 நிமிடம் கழித்து என் கேள்வியே கிடைத்தது. நானேதான் கேட்டிருந்தேன், அதே வார்த்தைகளில். அதற்குக் கீழே பதில்: ஒரு குரல் பதிவு, 2 நிமிடம் 14 விநாடி. அதன் கீழே என்னுடைய நன்றி, மூன்று கும்பிடு போட்ட கையோடு.

குரல் பதிவை அழுத்தினேன். இது இனி கிடைக்காது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது வாட்ஸ்அப். இடையில் நான் இரண்டு கைப்பேசி மாற்றியிருந்தேன்.

அனுப்பியவர் திருச்சிக்காரர். வேலை போனபின் ஊருக்கே திரும்பிவிட்டார். இங்கே 12.50 என்றால் அங்கே 10.20, தூங்கியிருக்க மாட்டார் என்று கூப்பிட்டேன். எடுத்தார். நலம் விசாரித்தார், பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா? நானா சொன்னேன்? என்ன சொன்னேன் அண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் வயர்ஷார்க்கைத் திறந்தேன். நெட்வொர்க்கில் போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துண்டையும், பிரித்துக் காட்டும் இலவச மென்பொருள் அது. ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் 1998-ல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-ல் பெயர் மாறியது. நாங்கள் லட்சக்கணக்கில் வெள்ளி கொட்டி வாங்கிய கண்காணிப்பு மென்பொருள் 'எல்லாம் பச்சை' என்று காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நுழைவுச் சோதனைத் தகவல் போய்வரும் 88-ஆம் போர்ட் என்ற வாசலில் ஒற்றை வரியில் நோயைச் சொன்னது இதுதான். கடிகார முரண். ஆளை அடையாளம் காணும் கெர்பராஸ் முறையில் இரண்டு கணினிகளின் நேரம் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அனுமதிச் சீட்டு செல்லாது. எங்களிடம் இரண்டு டொமைன் கண்ட்ரோலர்கள், அதாவது யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் சர்வர்கள். அதில் ஒன்று ஏழு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அது தனிப் பெட்டி இல்லை, வேறொரு இயந்திரத்துக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் சர்வர். சனிக்கிழமை அதைத் தாங்கும் இயந்திரத்தில் மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். புதிய போர்டின் கடிகாரத்தை யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் போல. மெய்நிகர் சர்வர் ஒழுங்கான நேர சர்வரைக் கேட்காமல், தன்னைத் தூக்கிச் சுமக்கும் இயந்திரத்தின் தப்பான நேரத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. அதைத் துண்டித்து நேரத்தைச் சரிசெய்ய ஆறு நிமிடம்தான் ஆனது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

தூக்கம் கலைந்துவிட்டதால் கடிகாரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு உறைத்தது அப்போதுதான்.

கணினிகள் ஒன்றுக்கொன்று நேரம் கேட்டுக்கொள்ளும் என்டிபி முறையை 1985-ல் வகுத்தவர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண்ணில் கோளாறு உள்ளவர். டெலவர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் அதையே செதுக்கினார். 2024 ஜனவரியில் காலமானார். இன்று உலகமெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் சொந்த சர்வர்களை 'என்டிபி பூல்' என்ற பொதுக் குளத்தில் சேர்த்து, கேட்பவர்களுக்கெல்லாம் நேரம் சொல்கிறார்கள். சிங்கப்பூருக்கும் அதில் தனி வாசல் உண்டு. யாரும் காசு கேட்பதில்லை.

இன்னொன்று அதைவிட சுவையானது. 1981 டிசம்பர் 31 இரவு சிங்கப்பூரில் 11.30 மணி ஆனதும் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கட்டும் என்று மலேசியா அரை மணி முன்னே போனது, நாமும் கூடவே போனோம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மாமனார், "அந்தப் புத்தாண்டு சீக்கிரம் வந்துவிட்டது" என்று இன்றும் சொல்வார். அந்த அரை மணி நேரம் உங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் எண்பதுகளில் தொடங்கிவைத்து, பிறகு பால் எக்கர்ட் தலைமையில் தன்னார்வலர்கள் பராமரிக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆண்டிராய்டு, ஐபோன், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. வெறும் உரைக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். அதில் சிங்கப்பூருக்கு ஒரு சில வரிகள். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரத்துக்கு மாறியது, 1945 செப்டம்பரில் திரும்பியது, 1981-ன் கடைசி இரவு எல்லாம் அடுக்காக இருக்கின்றன. இந்தத் தேதிகளை 2003-ல் தேடித் தொகுத்துத் தந்தவரின் பெயர்கூட மேலே குறிப்பாக இருக்கிறது.

எங்கோ இருக்கும் யாரோ நம் ஊரின் தொலைந்துபோன அரை மணி நேரத்தைக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நானோ, என் சொந்த நண்பர் எனக்காகவே சொன்ன இரண்டு நிமிடத்தைத் தொலைத்துவிட்டு நடு இரவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் குழுக்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. வங்கி, துறைமுகம், மருத்துவமனை, விமான நிலையம் என்று எங்கே போனாலும் சர்வர் அறையில் ஒரு தமிழர் இருப்பார். கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வருகிறது. அந்தப் பதில் மறுநாள் காலை ரோஜாப்பூவுக்குக் கீழே புதைந்துவிடுகிறது. அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருகிறார். "மேலே பாருங்க ப்ரோ" என்கிறோம். மேலே எங்கே பார்ப்பது?

எழுதலாமே என்றால், "கம்பெனி விஷயம் வெளியே போகக்கூடாது, வேலை போய்விடும்" என்பார்கள். நியாயமான பயம்தான். சர்வர் பெயர், ஐபி முகவரி, வாடிக்கையாளர் விவரம் எதையும் எழுதக்கூடாது. ஆனால் 'மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் டொமைன் கண்ட்ரோலர் எங்கிருந்து நேரம் வாங்குகிறது என்று பாருங்கள்' என்பது எந்தக் கம்பெனியின் ரகசியம்? இப்படிப் பயப்படுகிற ஆட்களே சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகும் முழு லாக் கோப்பையும் அப்படியே வழித்து ஏஐ சாட்டில் ஒட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"இனி ஏஐயே எல்லாம் சொல்லும், எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன், மறுக்கவில்லை. அது எங்கிருந்து கற்றது? 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் மாதிரி இடங்களில் முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் எழுதியதிலிருந்தும்தானே. இப்போது அங்கே புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. புதிதாக வரும் கோளாறுகளை எவரும் எழுதாவிட்டால் அது எதைப் பார்த்துச் சொல்லும்?

அந்த இரவுக்குப் பிறகு நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தீர்த்த ஒவ்வொரு சிக்கலையும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, நிரல்களையும் குறிப்புகளையும் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட ஆரம்பித்தேன். பிழைச் செய்தி திரையில் இருந்தபடியே ஆங்கிலத்தில், தேடுபவருக்குச் சிக்க வேண்டுமே. விளக்கம் தமிழில். முதல் பக்கம் அந்தக் கடிகாரக் கதைதான். மெய்நிகர் சர்வர் தன்னைச் சுமக்கும் இயந்திரத்திடம் நேரம் வாங்கும் இணைப்பை முழுதாக அணைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர், 'முழுதாக அணைத்தால், உறக்கநிலையில் நிறுத்திவைத்த இயந்திரத்தை மறுபடி எழுப்பும்போது கடிகாரம் நின்ற இடத்திலிருந்தே ஓடும், கவனம்' என்று திருத்தம் அனுப்பினார். அவர் சொன்னது சரி. குரல் பதிவில் நான் அதே தப்பைச் சொல்லியிருந்தால் 240 பேரும் கும்பிடு போட்டிருப்பார்கள், யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

தமிழில் இதெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணியம் மின்னிதழ் 2012 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடும். படிக்கிற காலத்தில் பஸ் ஏறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம், இந்த ஊருக்கே அந்தப் பெருமை இருக்கிறதே. நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றியது இங்கிருந்துதான். தமிழைக் கணினியில் ஏற்றுவது பற்றி 1997-ல் தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கேதான், உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-ல் பிறந்ததும் இங்கேதான். எந்த எழுத்துக்கு எந்தக் குறியீடு என்று அவர்கள் போட்ட சண்டைகள்கூட எழுத்தில் இருக்கின்றன. இன்றும் படிக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. உங்கள் நாளிதழின் நிகழ்ச்சிப் பகுதியில் நான்கு வரி இடம் தாருங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு, காம்பஸ் ஒன் கடைத்தொகுதியில் உள்ள செங்காங் நூலகத்தின் வாசலில் நிற்பேன். அங்கிருந்து பக்கத்தில் ஒரு கோப்பிக் கடைக்குப் போகலாம், நூலகத்தில் சத்தம் போட முடியாது. மேடை இல்லை, ஸ்லைடு இல்லை, பிரியாணியும் இல்லை. கோப்பி என் செலவு. வருகிறவர்கள் சமீபத்தில் தாங்கள் தீர்த்த ஒரு சிக்கலை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால் போதும். கையெழுத்தில் இருந்தாலும் சரி. குரல் பதிவு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
செங்காங்