காலண்டர் நிரலை எந்த மாதம் கொடுத்துச் சோதிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புரோகிராமிங் பழகத் தொடங்குவோருக்கு மாதக் காலண்டரை அச்சிடும் பயிற்சியைக் கொடுப்பது வழக்கம். நல்ல பயிற்சிதான், முப்பது வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் நடப்பு மாதம் சரியாக வந்ததுமே வேலை முடிந்தது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். எந்தெந்த மாதத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் பாடத்தோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும். உங்கள் மாணவர் பக்கத்தில் நிரல் பாடம் வரும்போது இதையும் சேர்த்து வெளியிடக் கோருகிறேன்.

நிரலுக்குத் தேவை இரண்டே எண்கள்: ஒன்றாம் தேதியின் கிழமை, மாதத்தின் மொத்த நாட்கள். ஞாயிறு 0, சனி 6 என்று வைத்துக்கொண்டால், கிழமை எண் எத்தனையோ அத்தனை வெற்றுக் கட்டங்களை முதலில் விட வேண்டும். பிறகு தேதிகளை வரிசையாக அச்சிட்டு, வெற்றுக் கட்டங்களோடு தேதியைக் கூட்டி 7-ஆல் வகுத்து, மீதி 0 வந்தால் அடுத்த வரிக்குப் போக வேண்டும். பலர் தேதியை மட்டும் வகுத்துவிடுகிறார்கள். அப்போது எந்த மாதமானாலும் 7, 14, 21-இல் வரி முறியும். ஞாயிறில் தொடங்கும் மாதங்களில் மட்டும் இந்தப் பிழை கண்ணில் படாது.

2026 பிப்ரவரி அப்படிப்பட்ட மாதம். ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிவதால் நான்கே வரி. ஆனால் இன்னொரு பிழையை இது காட்டிக்கொடுக்கும்: கடைசித் தேதிக்குப் பிறகு கட்டாயமாக ஒரு வரி மாற்றம் போட்டிருந்தால், அடியில் வெற்று வரி நிற்கும். 2026 ஆகஸ்டோ சனிக்கிழமை தொடங்குகிறது. ஆறு வரி வேண்டும். ஐந்து வரிக்கு மட்டும் இடம் ஒதுக்கியவர்களுக்கு 30, 31 இரண்டும் காணாமல் போகும்.

கிழமையைக் கணக்கிட, 2001 ஜனவரி 1 திங்கள் என்பதிலிருந்து நாட்களை எண்ணி 7-ஆல் வகுப்பது எளிய வழி. 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதினாலும் 1901 முதல் 2099 வரை விடை தவறாது. 100-ஆல் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு; 2000-ஆம் ஆண்டு அப்படி வகுபடுவதே காரணம். அதனால்தான் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. 1900 பிப்ரவரியைக் கேட்டுப் பாருங்கள்: வியாழனில் தொடங்கி, 28-ஆம் தேதி புதனில் முடிய வேண்டும். பின்னோக்கி எண்ணும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. சி, ஜாவா போன்ற மொழிகளில் -1-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி -1, பைத்தானில் 6. மீதியோடு 7 கூட்டி மறுபடி மீதி எடுத்தால் எல்லா மொழியிலும் சரியாகும்.

மொழியிலேயே இருக்கும் தேதி வசதியைப் பயன்படுத்தினாலும் கவனம் தேவை. பைத்தானின் கிழமை எண்ணில் திங்கள் 0. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0, அதோடு ஜனவரியும் 0.

தமிழில் 'தி', 'ச' என்று கிழமைத் தலைப்பு வைத்தால் நெடுவரிசை கோணலாவது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். 'தி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குத் தகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட். 'ச' ஒரே குறியீடு, 3 பைட். நான்கு இட அகலம் என்று சி மொழியில் எழுதினால் அது பைட்டைத்தான் எண்ணும்: 'தி'-க்கு இடைவெளியே விழாது, 'ச'-வுக்கு ஒன்று விழும். இங்கே அகலத்தை எண்ணிக்கொண்டிருக்காமல், தலைப்பு, வெற்றுக் கட்டம், தேதி எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டேப் (அடுத்த நெடுவரிசைக்குத் தாவும் குறி) போடுவதே மேல். டேப் எட்டு எட்டாக நகர்வதால் ஏழு கிழமைக்கு 56 இடம்; 80 இட அகலத் திரையில் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர்