பள்ளிச் சுற்றுச்சுவர் வேலை முடிந்தது: 2024-25 கணக்கும் கொஞ்சம் விளக்கமும்

பெற்றோர், முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரையில் முடிந்த வேலைக்குக் கார்த்திகையில் அறிக்கையா என்று கேட்பீர்கள். ஊருணிப் பக்கச் சுவர் ஒரு அடைமழையைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவு செய்தோம். உட்கார்ந்து எழுத எனக்குச் சோம்பலும் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "சுவருக்கு ரெண்டே முக்கால் லட்சமா, யார் வீட்டுச் சுவர்?" என்று வாய்ஸ் போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது நாலு பேர் கூடிச் செலவழித்த பணம் இல்லை. 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழு புதிதாக அமைந்தபோது மொத்தம் 24 பேர். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவியும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். நான் கணக்கு எழுதியவன், அவ்வளவுதான். ஒரு ரூபாய் கூட என் கை வழியாகப் போகவில்லை, ஆனால் திட்டு மட்டும் முழுசாக என் வழியாகத்தான் போனது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. போன தடவை அது ஒரு படிவத்தை நிரப்பியதோடு நின்றுவிட்டது. இந்தத் தடவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கேட்டோம். ஸ்மார்ட் டிவி, ஊஞ்சல் என்று சொல்வார்கள் என்று நினைத்தால், "ஆடு உள்ளே வரக்கூடாது", "ராத்திரி யாரோ வராண்டாவில் பாட்டில் உடைக்கிறாங்க, காலையில் நாங்கதான் பொறுக்குறோம்", "கக்கூஸ் தாழ்ப்பாள் எட்ட மாட்டேங்குது" என்றார்கள். சுவர் ஏன் முதலில் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வகுப்பறைக்கு வெள்ளையடிப்பது, சமையல் கூடத்தின் முன்னால் தகரக் கொட்டகை போடுவது, இரண்டையும் தள்ளி வைத்தோம். தெரிந்தேதான் தள்ளி வைத்தோம்.

அரசுப் பணத்தில் செய்திருக்கலாமே என்கிறார்கள். 47 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு விதிமுறைப்படி ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. சாக்பீஸ், விளக்குமாறு, பல்ப், மின்விசிறி ரிப்பேர் என்று அதிலேயே கரைந்துவிடும். அதுவும் ஒன்றிய அரசிடமிருந்து கல்வி நிதி வராமல் இழுபறியாக இருந்த வருடம் அது. ஆகவே ஊரிடம் கை நீட்டினோம்.

கொடுத்தவர்கள்: சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து 85,000. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் 62,000. மேலத்தெரு ரைஸ்மில்காரர் 50,000. பெயரே போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர் 30,000. இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரிய டீச்சர் 25,000. பெற்றோர் 41 குடும்பம், தலா 500 வீதம் 20,500. திருவிழாக் கமிட்டியில் மிஞ்சியது 20,000. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் 27 பேர், ஆளுக்கு 200 என்று 5,400. வடக்குத் தெருக் காதுகுத்தில் மொய்ப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது 5,001. பள்ளி வாசலில் ஐஸ் விற்கும் மாமா 1,100. மொத்தம் 3,04,001. ஐஸ் மாமா பணத்தைச் சில்லறையாகவே கொண்டுவந்து மேசையில் கொட்டினார், எண்ணி முடிக்க அரைமணி நேரம் ஆனது. இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

இனி காண்ட்ராக்டர் விஷயம்.

மொத்தம் 210 அடிச் சுவர், ஐந்தடி உயரம், ஆறு அங்குல ஹாலோ பிளாக். பொருளும் கூலியும் சேர்த்து ரன்னிங் அடிக்கு, அதாவது ஓரடி நீளத்துக்கு, 1,200 என்று பேசி முடித்தோம், அதாவது 2,52,000. மூன்று கொட்டேஷன் ஏன் வாங்கவில்லை என்கிறார்கள். இரண்டு வாங்கினோம். மூன்றாவது ஆள் வந்து ஊருணியைப் பார்த்தார், "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் எதைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அப்போதே நாம் யோசித்திருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினார்கள். மூன்று பக்கமும் இரண்டரை அடியில் நல்ல செம்மண், கெட்டித் தரை. ஊருணி ஓரம் 64 அடி மட்டும் தோண்டத் தோண்டக் கறுப்புச் சேறு, உடைந்த ஓடு, பிளாஸ்டிக் பை. எந்தக் காலத்திலோ கரையைத் தூர்த்துப் பள்ளிக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். இங்கே நாலரை அடி போக வேண்டும், அடியில் ஜல்லி கான்கிரீட் போட்டு மேலே பெல்ட் (கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை) போட வேண்டும், அந்த 64 அடிக்கு மட்டும் அடிக்கு 700 கூடுதல் என்றார் காண்ட்ராக்டர்.

நான் உட்பட எல்லோரும் அவரைத் திருடன் என்றுதான் நினைத்தோம். நேரிலேயே சொன்னவர்களும் உண்டு. அவர் மறுநாளே கலவை மெஷினை ஏற்றிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். 38 நாள் வேலை நின்றது. அந்த 38 நாளும் பிள்ளைகள் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) குவியலில் கோட்டை கட்டினார்கள், கோழி கிளறியது, குவியல் பாதியானது. வகுப்பறையில் அடுக்கியிருந்த சிமெண்டில் ஒன்பது மூட்டை கட்டி தட்டிவிட்டது, ஏனென்றால் அடியில் பலகை போடாமல் வெறும் தரையில் அடுக்கியிருந்தார்கள். அது எங்கள் தப்பு என்று அவர், உங்கள் ஆட்கள் அடுக்கியது என்று நாங்கள்.

கடைசியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து ஊர்ப் பெரியவரை அழைத்து வந்தோம். அவர் எதுவும் பேசாமல் கடப்பாரையை என் கையில் கொடுத்து, "தம்பி, இறங்கிக் குத்திப் பாருங்க" என்றார். இறங்கினேன். செம்மண் பக்கம் குத்தினால் டங்கென்று கை அதிர்ந்தது. ஊருணிப் பக்கம் லேசாக ஊன்றினேன், கடப்பாரை தன் கனத்திலேயே ஒரு முழம் உள்ளே போனது. பிடுங்கியபோது அந்த ஓட்டையில் மெதுவாகத் தண்ணீர் ஊறி வந்தது. குழிக்கு மேலே நின்ற பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காண்ட்ராக்டர் சொன்ன ஆழம் சரி, சொன்ன தொகைதான் அதிகம் என்றார் பெரியவர்.

அப்புறம் பேரம். 700 கேட்டவர் 400-க்கு இறங்கினார், போன மணலும் கெட்ட சிமெண்டும் அவர் பொறுப்பு என்றும் எழுதி வாங்கினோம். 64 அடிக்கு 25,600 கூடுதல், ஆக 2,77,600. அதில் 15,000 ரூபாயை அடைமழை முடியும்வரை கொடுக்க மாட்டோம் என்று நிறுத்தி வைத்தோம், அதற்கும் அவர் முகம் சுளித்தார். ஐப்பசியில் ஊருணி நிரம்பிச் சுவர் அடியில் தண்ணீர் தொட்டு நின்றது. சுவர் நகரவில்லை. மேற்குப் பக்கம் ஒரு முடி போல விரிசல் இருக்கிறது, பூச்சில் மட்டும்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போன வாரம் பாக்கியையும் கொடுத்தாயிற்று.

நாம் செய்த தப்பு ஒன்று உண்டு, மறைக்கவில்லை. விலை பேசும் முன்பே ஊருணி ஓரத்தில் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அதைக் கேட்டால் தலை குனிந்து நிற்கிறேன். கமிஷன் வாங்கினாயா என்று கேட்டால் மட்டும் குனிய மாட்டேன்.

கேட்டுக்கு 18,500. கழிப்பறைக்கு இரண்டு பிவிசி கதவும் தாழ்ப்பாள்களும் 6,300. முதலில் கதவுக்காரர் வழக்கம்போலப் பெரியவர் உயரத்தில் தாழ்ப்பாள் வைத்துவிட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கெட்டைக் கவிழ்த்து ஏறித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, திறக்கும்போது பக்கெட் உருண்டு அழுத பிறகு, இரண்டடியில் இன்னொன்று வைக்கச் சொன்னோம். மொத்தச் செலவு 3,02,400. கையிருப்பு 1,601, வங்கியில் இருக்கிறது.

மற்றபடி வருட நடவடிக்கைகள்: காலை உணவு ஒழுங்காக நடக்கிறது. ஒன்றாம் வகுப்பில் 11 பேர் சேர்ந்தார்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பாட அட்டைகளை அம்மாக்கள் நாலு பேர் வந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளை ஒன்று வட்டார அளவு வரை போனது. ஆண்டு விழா நடந்தது, மைக் செட் இலவசம்.

அடுத்த திட்டத்தில் முதலில் வெள்ளையடிப்பு, பிறகு தகரக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் என்று புகார் சொல்கிறீர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான் என்பது சட்டக் கணக்கு. மூன்றாவது ஆசிரியர் வேண்டுமென்றால் டவுன் வேனில் ஏறிப் போகும் பிள்ளைகளில் 14 பேரை இங்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதில் என் அண்ணன் மகனும் ஒருவன், நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பில், வவுச்சர் எல்லாம் தலைமை ஆசிரியர் அறையில் பச்சை ஃபைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டீ, வடை செலவுக்கு மட்டும் வவுச்சர் இல்லை, அது கணக்கிலும் இல்லை, என் வீட்டில் கேட்டால் விவரம் கிடைக்கும், கொஞ்சம் சத்தமாகவே கிடைக்கும். கேட் சாவி இரண்டு. ஒன்று தலைமை ஆசிரியரிடம், இன்னொன்று காலை உணவு சமைக்கும் அக்காவிடம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட வேண்டும் என்று சாவி கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.