எங்கள் வகுப்பறைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கும், இங்கே படித்துவிட்டு இன்று வெளியூர்களில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அன்பு வணக்கம்.

பள்ளி திறந்த வாரமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கோடை விடுமுறையில் நீங்கள் மாற்றித் தந்த அறையில் பிள்ளைகள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு, காலாண்டு விடுமுறையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை 22 பிள்ளைகளும் ஒரே அறையில்தான். 2022-ல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்துக் கற்றுத் தருகிறோம். மூன்றுக்கும் நான் ஒருத்தி. அரும்புப் பிள்ளைகளோடு நான் இருக்கும்போது மற்றவர்கள் தாமாகவே எடுத்துப் படிக்க, எழுத அந்த அறையில் வழி இருக்க வேண்டும். எங்கள் அறையில் அது இல்லை. எழுத்து அட்டவணை கதவு நிலைக்கு மேலே தொங்கியது. கதைப் புத்தகங்கள் பீரோவில் இருந்தன, சாவி என் கைப்பையில். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான்.

முதல் நன்றி எங்கள் ஆசிரியர் பயிற்றுநருக்கு. "டீச்சர், பிள்ளைங்க உட்கார்ற இடத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். பீரோவின் கால்களும் வெறும் சுவரும் தெரிந்தன. வாசிக்க ஒரு சொல் கண்ணில் படவில்லை.

பீரோவை நகர்த்தியபோது பின்னால், சுண்ணாம்புக்கு அடியில், செயல்வழிக் கற்றல் காலத்துக் கீழ்மட்டக் கரும்பலகை கிடைத்தது. அந்தத் திட்டம் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்தபோது, பிள்ளைகள் எழுதவென்றே சுவரைச் சுற்றித் தாழ்வாக அமைத்தவை. மேஸ்திரி அண்ணன் இரண்டு நாள் கூலி வாங்காமல் சுண்ணாம்பைச் சுரண்டி, வெடிப்பை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்தார். இப்போது ஆளுக்கு ஒன்றரை அடி அகலம் சொந்தம், மேலே அவரவர் பெயர்.

அண்ணே, நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விரல் இன்னும் பென்சிலுக்குப் பழகியிருக்காது. நின்றுகொண்டு தோளிலிருந்து கையை வீசிப் பெரிதாக எழுதும்போது சுழியும் வளைவும் கைக்குப் பழகுகின்றன. ஒரு பையன் 'அ'வின் சுழியைத் திருப்பிப் போடுவான். நோட்டில் ரப்பர் போட்டுத் தாள் கிழிந்தால் அழுவான். உங்கள் பலகையில் உள்ளங்கையால் அழித்து அழித்து ஏழு முறை எழுதினான். எட்டாவது முறை என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ஆசாரி ஐயா உடைந்த பெஞ்சுப் பலகையில் புத்தகத் தாங்கி செய்து தந்தார். அட்டை முகம் தெரிய நிற்கவேண்டும் என்று நான் கேட்டபோது, இடம் வீணாகுமே என்றார். அரசின் வாசிப்பு இயக்கம் தரும், வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான நுழை, நட வரிசைப் புத்தகங்கள் மெல்லியவை. அடுக்கிவைத்தால் எது எதுவென்றே தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளை கை நீட்டும். ஐயா கேட்டுக்கொண்டு, விழாமல் இருக்க முன்னால் ஒரு சட்டமும் வைத்தார். இரண்டு புத்தகம் கிழிந்திருக்கின்றன. ஒட்டிவிட்டோம்.

தையல் அக்கா மீதித் துணியில் 22 பைகள் தைத்தார். காலையில் பிள்ளைகள் தம் பெயர் அட்டையைத் தேடி எடுத்துத் தம் பையில் போடவேண்டும், அதுதான் வருகைப் பதிவு. 'க'வில் தொடங்கும் இரண்டு பேர் முதல் மாதம் அட்டையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒருநாள் அதில் ஒருவன், "ரெண்டாவது எழுத்தையும் பார்க்கணும் டீச்சர்" என்று எனக்கே சொல்லித் தந்தான்.

திருப்பூரிலிருந்து பணம் அனுப்பிய தம்பிகளே, சுவர் முழுக்க கார்ட்டூன் படம் வரையலாம் என்றீர்கள். நான் வேண்டாம் என்றதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாததற்குத் தனி நன்றி. அந்தச் சுவரில் நீங்கள் வாங்கித் தந்த கம்பியைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் கட்டி, அவர்கள் எழுதியதைத் தொங்கவிட்டிருக்கிறோம். தங்கள் எழுத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

பீரோ நகர்ந்ததில் சன்னலும் திறந்தது. இடப்பக்கம் வெளிச்சம் விழுவதால் எழுதும் கையின் நிழல் நோட்டில் விழுவதில்லை. ஒருத்தி மட்டும் இடக்கைக்காரி. அவளுக்கு வலப்பக்கம் வெளிச்சம் வேண்டும், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையும் இடிக்கக் கூடாது. சத்துணவு அக்காதான் அதைக் கவனித்துச் சொல்லி, எதிர்ச் சன்னலை ஒட்டி அவளுக்குத் தனிப் பாய் விரித்தார்.

விடுமுறை முடிந்ததும் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்குப் பிள்ளைகள் உங்களுக்குக் கதை படித்துக் காட்டப்போகிறார்கள். எல்லோரும் தரையில்தான் உட்கார வேண்டும். ஆசாரி ஐயா, உங்களுக்கு முழங்கால் வலி என்று தெரியும். புத்தகத் தாங்கிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன், அவசியம் வாருங்கள்.

நன்றியுடன்,
ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு ஆசிரியை